பணத்தைக் கண்ணில் பார்க்காத பேங்க் வேலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். போனில் இரண்டு தடவை கேட்டீர்கள், "அந்த பேங்கில் உனக்கு என்னதான் வேலை?" என்று. மழுப்பிவிட்டேன். அதற்குள் நான் கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுவதாக அம்மா எல்லோரிடமும் சொல்லியாயிற்று போலிருக்கிறது.

கவுண்டரும் இல்லை, பணமும் இல்லை அப்பா. பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு கட்டடம். உள்ளே வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். சாயங்காலம் 4 மணிக்கு உள்ளே போனால் வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும். கிளைகளில் அன்றைக்கு வந்த செக்கெல்லாம் படமாக எங்களுக்கு வந்து சேர அந்த நேரம் ஆகிறது. அமெரிக்காவில் எல்லாம் போனிலேயே முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் வந்தேன். வீட்டு வாடகையைக்கூட இன்னும் செக்கில் கொடுக்கிறார்கள்.

செக்கின் அடியில் ஒரு மாதிரி கட்டை கட்டையாக எண்கள் இருக்குமே, காந்த மையில்? நம் நாட்டுச் செக்கிலும் அதே எழுத்துதான். அதை மெஷின் நொடியில் படித்துவிடும். எந்த பேங்க் என்பதற்கு அதில் 9 இலக்கம். கடைசி இலக்கம் வெறும் காவல்காரன். முன்னால் உள்ள எட்டில் ஒன்று தப்பாக விழுந்தாலும் கணக்கு உதைக்கும். தொகை மட்டும் மனிதர்கள் கையால் எழுதுவது. அதில் பெரும்பகுதியையும் மெஷினே படிக்கிறது. எது புரியவில்லையோ அது என் திரைக்கு வரும், நான் படித்துத் தொகையைக் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். ஆக நாள் முழுக்க நான் பார்ப்பது கோணல் எழுத்து மட்டுமே: நடுங்கிய கை, அவசரக் கை, மை தீர்ந்த பேனா. பெட்டிக்குள் எண்ணில் ஒரு தொகை, கோட்டின் மேல் எழுத்தில் வேறு தொகை என்று இருந்தால் எழுத்தைத்தான் எடுக்க வேண்டும், சட்டமே அப்படி. தேதி இங்கே மாதத்தை முன்னால் போடுவார்கள். முதல் வாரம் அது என்னைப் படாத பாடு படுத்தியது. ஆறு மாதம் தாண்டிய செக்குக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று இங்கே பேங்குக்குக் கட்டாயம் இல்லை. நமக்கு மூன்றே மாதம்.

உங்களுக்குப் பிடிக்கும் ஒன்று சொல்கிறேன். போன மாதம் ஒரு கட்டுச் செக்குகளின் கூட்டுத்தொகையில் 270 டாலர் இடித்தது. தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் அம்மாள் எட்டிப் பார்த்து, "ஒன்பதால் வகுத்துப் பார்" என்றார். மீதியில்லாமல் போயிற்று. "அப்படியானால் இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி அடித்திருக்கிறாய், தேடு" என்றார். 1,360-ஐ 1,630 என்று அடித்திருந்தேன்! இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் வருமாம். காகிதம் எடுத்துப் போட்டுப் பாருங்கள், பொழுது போகும்.

அவர் பழைய ஆள். அப்போதெல்லாம் செக்குகளை மூட்டையாகக் கட்டி விமானத்தில் அனுப்புவார்களாம். 2001 செப்டம்பரில் விமானங்கள் நின்றதும் மூட்டைகளும் அங்கங்கே நின்றுவிட்டன. அப்புறம்தான் படத்திலிருந்து எடுக்கும் நகலுக்கும் அசல் செக்கின் மதிப்பு என்று சட்டம் போட்டார்கள். 2004 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நம் ரிசர்வ் பேங்க் மாதிரி இங்குள்ள ஃபெடரல் ரிசர்வ் 2003-இல் 45 இடங்களில் காகிதச் செக் பிரித்துக்கொண்டிருந்ததாம், 2010-இல் அது ஒரே இடமாகச் சுருங்கிவிட்டது. அவரோடு வேலை பார்த்த பலர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். என் வேலை எத்தனை வருஷம் ஓடும் என்று கேட்காதீர்கள். பகலில் ஒரு கணக்கியல் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன்.

கண் கொஞ்சம் எரிகிறது, மற்றபடி சுகம்தான். கைக்கு வந்த செக் யாருடையது, எவ்வளவு என்று வெளியே மூச்சுவிடக் கூடாது. அதனால் அம்மா கதை கேட்டால் என்னிடம் கதை இல்லை. கவுண்டரிலேயே உட்கார்ந்திருப்பதாக அவள் நினைத்துக்கொள்ளட்டும், போகட்டும்.

இந்த மாதப் பணம் புதன்கிழமைக்குள் உங்கள் கணக்கில் ஏறிவிடும். செக்காக அனுப்பு என்றீர்கள். வேண்டாம் அப்பா, இங்குள்ள டாலர் செக் அங்கே வசூலாக வாரக்கணக்கில் இழுக்கும்.

அன்புடன்,
உங்கள் மகள்