கரிசல் சாலைகளின் அடிமண்ணுக்குச் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் புதிதாகப் போடப்படும் கிராமச் சாலைகள் சில மழைக்காலங்களைத் தாண்டுவதற்குள் ஓரங்களில் நீளவாக்கில் வெடித்து, மேடும் பள்ளமுமாக மாறிவிடுவதைப் பற்றி எழும் புகார்கள் பெரும்பாலும் தாரின் தரத்தோடும் ஜல்லியின் கனத்தோடும் நின்றுவிடுகின்றன. மேற்பரப்பில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும், பக்குவப்படுத்தாத கரிசலின் மீது போட்ட சாலை நிலைப்பது அரிது என்பதே என் கருத்து.

கரிசலில் மிகுந்திருக்கும் மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் நுண்ணிய தகடுகளால் ஆனது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அத்தகடுகளுக்கு இடையே நீர் புகுந்து மண் உப்புகிறது. கோடையில் அது சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. சாலையின் நடுப்பகுதியில் தாருக்கு அடியிலுள்ள ஈரம் அதிகம் மாறுவதில்லை. ஓரங்களோ ஆண்டுதோறும் நனைந்து காய்கின்றன. முதல் வெடிப்பு ஓரத்தில் தோன்றுவதும், அதன் வழியே இறங்கும் நீர் அடுத்த மழையில் சாலையையே உட்காரவைப்பதும் இதனால்தான். மண்ணின் தாங்குதிறனைக் காட்டும் சி.பி.ஆர். மதிப்பு, நனைந்த கரிசலில் பல இடங்களில் 2 அல்லது 3 சதவீதமே. இதன் மேல் எத்தனை முறை ஒட்டுவேலை செய்தாலும் பணம்தான் கரையும்.

இந்த மண்ணில் அதன் எடையில் 3 முதல் 8 சதவீதம் வரை சுண்ணாம்பைக் கலந்தால், சுண்ணாம்பிலுள்ள கால்சியம் களிமண் தகடுகளில் ஒட்டியிருக்கும் சோடியம் போன்றவற்றை விலக்கிவிட்டு அங்கே அமர்கிறது. சில மணி நேரத்திலேயே பிசுபிசுப்பு குறைந்து மண் பொலபொலவென்று உதிரத் தொடங்குகிறது. அதன் பிறகு நடப்பதுதான் முக்கியமானது. மண்ணின் காரத்தன்மை உயர்ந்து, களிமண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, சுண்ணாம்போடு சேர்ந்து சிமென்ட்டில் உருவாவதைப் போன்ற பிணைப்பு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வலுப்பெறுகிறது. இது சோதனைச்சாலைக் கனவு அன்று. நம் கரிசலை ஒத்த கருங்களி நிலம் பரந்திருக்கும் அமெரிக்காவின் டெக்சாஸில் இம்முறை பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது. 1974இல் திறக்கப்பட்ட டாலஸ் - ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தின் தளங்களுக்கு அடியிலும் சுண்ணாம்பு கலந்த மண்ணே இருக்கிறது. நம் நாட்டிலும் சாலைப் பணிக்கான நெறிமுறைகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு இதற்கென ஐ.ஆர்.சி. 51 என்ற நெறிமுறையையும், 2010இல் சிறப்பு வெளியீடு 89ஐயும் கொண்டுவந்துள்ளது.

இப்போதுள்ள மாற்று வழி, கரிசலை வெட்டியெடுத்துவிட்டுக் கிராவல் நிரப்புவது. ஏழரை மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டருக்கு 60 செ.மீ. ஆழம் நிரப்ப 4,500 கன மீட்டர் கிராவல் வேண்டும். அதே நீள அகலத்தில் இருக்கும் மண்ணையே 30 செ.மீ. கனத்துக்கு, இரண்டு அடுக்காக, 4 சதவீதச் சுண்ணாம்பு கலந்து இறுக்கினால், தேவைப்படும் சுண்ணாம்பு ஏறத்தாழ 145 டன். கரிசல் மிக ஆழமாக உள்ள இடங்களில் இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டியிருக்கலாம். ஆனாலும் எத்தனை குன்றுகளும் கண்மாய்க் கரைகளும் வெட்டுப்படாமல் தப்பும் என்பதை இந்தக் கணக்கு காட்டும். சுண்ணாம்புக்கல்லும் நமக்குத் தொலைவில் இல்லை. விருதுநகர், திருநெல்வேலி மாவட்டங்களில் அது வெட்டி எடுக்கப்படுகிறது.

ஆனால் மூட்டைக் கணக்கை மட்டும் பார்த்துப் பில் போட்டால் இம்முறை தோற்றுவிடும். கட்டிகள் உடையாத மண்ணில் சுண்ணாம்பைத் தூவி ரோலரை ஓட்டினால், கட்டிக்கு உள்ளே கரிசல் கரிசலாகவே இருக்கும். நம் விவசாயிகளிடம் இருக்கும் ரோட்டவேட்டரே இதற்கு உதவும். சுண்ணாம்பில் கால்சியம் ஆக்சைடு 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. திறந்தவெளியில் கிடந்து காற்றுப்பட்ட சுண்ணாம்பு வீரியம் இழந்துவிடும். கலந்த மூன்று மணி நேரத்துக்குள் இறுக்கிவிட்டு, பிறகு பல நாட்கள் ஈரம் காயாமல் காக்க வேண்டும். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊர்களில் இதுதான் கடினமான பகுதி. லாரித் தண்ணீருக்கான செலவை மதிப்பீட்டிலேயே சேர்க்காவிட்டால் முதலில் கைவிடப்படுவதும் இதுதான்.

எல்லா மண்ணுக்கும் இது பொருந்தாது. கோவில்பட்டி இருக்கும் அதே தூத்துக்குடி மாவட்டத்தில், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் வினைபுரியக் களிமண் போதாது என்பதால் வெறும் சுண்ணாம்பால் பயன் இல்லை. ஜிப்சம் கலந்த மண்ணில் ஆபத்தே உண்டு: சல்பேட்டும் சுண்ணாம்பும் சேர்ந்து எட்ரிங்கைட் என்னும் படிகம் உருவாகி, அடக்க வேண்டிய மண்ணை முன்னைவிட அதிகமாக உப்பச் செய்யும். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை போன்ற ஜிப்சம் நிலங்களில் சல்பேட் சோதனை இல்லாமல் ஒரு மூட்டைகூட இறக்கக் கூடாது. எனவே மாநிலம் முழுமைக்கும் ஒரே மாதிரி மதிப்பீடு என்ற வழக்கத்தை விட்டு, ஒவ்வொரு சாலைக்கும் மண் சோதனை முடிவைப் பார்த்த பிறகே அடிமண் வேலையைத் தீர்மானிக்குமாறு நெடுஞ்சாலைத் துறையையும் ஊரக வளர்ச்சித் துறையையும் கேட்டுக்கொள்கிறேன்.

காலமும் முக்கியம். மண் காய்ந்திருக்கும், வெப்பம் வினையை விரைவுபடுத்தும் மாசி முதல் வைகாசி வரையே இவ்வேலைக்கு ஏற்றது. ஆனி, ஆடிக் காற்றில் தூவினால் சுண்ணாம்புத் தூள் வேலை செய்வோரின் கண்ணையும் நெஞ்சையும் பதம் பார்க்கும். எந்த மாதமானாலும், நீற்றாத சுண்ணாம்பைக் கையில் கொடுத்து, கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பெண்களைத் தூவச் சொல்லும் நிலை வரக் கூடாது. ஒப்பந்தப் புள்ளிகள் தை மாதத்துக்குள் முடிந்து வேலை உத்தரவு கைக்கு வந்தால்தான் இவையெல்லாம் நடக்கும். ஆவணியில் உத்தரவு கொடுத்துவிட்டு ஐப்பசிக்குள் முடிக்கச் சொன்னால், ஒப்பந்ததாரர் சுண்ணாம்பை விட்டுவிட்டு நேராகத் தாருக்குப் போய்விடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோவில்பட்டி.