வாட்டர் பம்ப்பின் அந்தச் சிறு துளையை அடைக்காதீர்கள்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட மோட்டார் சைக்கிள் கராஜ்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் காக்காமாருக்கும், கராஜ்களில் வேலை பழகிக்கொண்டிருக்கும் தம்பிமாருக்கும்,

களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் முப்பது வருடங்களாக மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன் எழுதுகிறேன். வாழைச்சேனையில் தொடங்கி ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரைக்கும் உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். சாமான் கடை வாசலில் ஒன்றாகக் காத்து நின்றிருக்கிறோம். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

போன கச்சான் காலத்தில், காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், தாதி உத்தியோகத்தர் ஒருவர் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாவிக்கு மறுகரையான படுவான்கரையில் இருந்து வைத்தியசாலைக்கு வேலைக்குப் புறப்பட்டவர். எஞ்சின் கொதித்து வழியில் நின்றுவிட்டது. சட்டை முழுக்க வியர்வை. "அண்ணன், மூன்று கராஜ் ஏறி இறங்கிவிட்டேன். இரண்டு இடத்தில் தண்ணீர் விட்டுத் தந்தார்கள். மூன்றாவது இடத்தில் ஒழுக்கையே நிறுத்திவிட்டோம் என்றார்கள். நின்றதும் உண்மைதான்" என்றார்.

டோர்ச்சை எடுத்துக்கொண்டு நிலத்தில் படுத்துப் பார்த்தேன். எஞ்சினை ஆற்றுகிற கூலன்ட் திரவத்தைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்பின் அடியில் நெல்மணி அளவில் ஒரு துளை இருக்கும். அந்தத் துளைக்குள் சாம்பல் நிறப் பசையை வைத்து அழுத்தி அடைத்திருந்தார்கள். அழுத்தியவருடைய பெருவிரல் ரேகை அதில் அப்படியே பதிந்திருந்தது. ஒயில் நட்டைக் கழற்றினேன். பால் தேநீர் நிறத்தில் வந்தது.

அந்தத் துளை எதற்கு என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வாட்டர் பம்ப்பின் தண்டில் ஒழுகாமல் தடுக்கும் இரண்டு சீல்கள் இருக்கின்றன. கூலன்ட் பக்கத்தில் ஒன்று, எஞ்சின் ஒயில் பக்கத்தில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் இருந்து வெளியே வருகிற வழிதான் அந்தத் துளை. கூலன்ட் பக்கத்துச் சீல் தேய்ந்தால் கூலன்ட் அதனூடாகச் சொட்டும். ஒயில் பக்கத்துச் சீல் போனால் ஒயில் சொட்டும். எஞ்சினை வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே வைத்த துளை அது. எந்தச் சீல் போயிற்று என்று நமக்குச் சொல்வதற்கும், ஒன்று மற்றதோடு கலக்காமல் வெளியேறிப் போவதற்கும் வைத்தது. அதை அடைத்தால் கூலன்ட் வேறு எங்கே போகும்? அடுத்த சீலையும் தள்ளிக்கொண்டு ஒயிலுக்குள் போகும். அந்தத் தாதி உத்தியோகத்தரின் எஞ்சினில் அதுதான் நடந்தது. ஒரு சீலோடும் அரை நாள் கூலியோடும் முடிந்திருக்க வேண்டிய வேலை, கிராங்க் பெயாரிங் வரைக்கும் போய், அவருடைய ஒரு மாதச் சம்பளத்தையும் தாண்டிவிட்டது. அடைத்தவர் கெட்ட எண்ணத்தோடு அடைக்கவில்லை. ஒழுகுகிற இடத்தைக் கண்டார், ஒழுக்கை நிறுத்தினார். அவருக்கு அந்தத் துளையைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எனக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாம் எல்லோரும் எம்டி 90இலும் சிடி 125இலும் கை பழகியவர்கள். பிறகு சிடி 100 வந்தது, டிஸ்கவர் வந்தது. எல்லாம் காற்றில் ஆறுகிற எஞ்சின்கள். சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் சேறு படியாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆர் 15, என்எஸ் 200, டியூக் என்று கூலன்டை ஆறவைக்கும் ரேடியேற்றர் வைத்த மோட்டார் சைக்கிள்கள் நம் பக்கம் வந்தபோது, பழைய கையோடுதான் அவற்றையும் தொட்டோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரை ஏறக்குறைய ஐந்து வருடங்கள் புதியவை இறக்குமதியாகவில்லை. ஓடிய பைக்குகளே கைமாறிக் கைமாறி ஓடின. அவற்றின் ரப்பர் ஹோஸும் சீலும் அந்த வருடங்களில் முதிர்ந்துபோயின. இன்று நம்மிடம் வருகிற ஒழுக்குகள் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். ரேடியேற்றர் வைத்த முதல் மோட்டார் சைக்கிள் என்னிடம் வந்தபோது, குறைந்திருந்த கூலன்டுக்குப் பதிலாகக் கராஜ் கிணற்றுத் தண்ணீரை விட்டு அனுப்பினேன். கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலில் தோண்டிய கிணறு. கச்சான் காலத்தில் வாயில் வைத்தாலே உவர்ப்புத் தெரியும். இரண்டு வருடம் கழித்து அதே மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது. பம்ப்பைக் கழற்றினேன். கேத்தலின் அடியில் படியுமே வெள்ளைச் சுண்ணாம்பு, அதேபோல் உள்ளே படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், பொருக்குப் பொருக்காக வந்தது. கூலன்ட் பக்கத்துச் சீல் என்பது கண்ணாடிபோல் வழுவழுப்பான இரண்டு வளையங்கள், ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு சுழல்வது. அந்த முகங்களுக்கு நடுவே இந்தப் பொருக்கு மணல்போல் நுழைந்து கீறிவிடும். அந்தச் சீலைக் கெடுத்தது நான் விட்ட தண்ணீர்தான். பைக்கின் சொந்தக்காரரிடம் அதைச் சொல்லி, கூலி வாங்காமல் செய்து கொடுத்தேன்.

ஆகவே கிணற்று நீரோ குழாய் நீரோ விடாதீர்கள். கலந்து விற்கிற கூலன்ட் கிடைத்தால் அதையே விடுங்கள். கலக்க வேண்டிய வகை என்றால் பாதிக்குப் பாதி, வடித்த நீரோடு. வடித்த நீர் தேடி அலைய வேண்டாம், பெற்றோல் செட்டில் விற்கிற பற்றரித் தண்ணீர் போதும். போத்தலில் இருப்பது தண்ணீர்தானா, பற்றரி அசிட்டா என்பதை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். நிறத்தை நம்பாதீர்கள். பச்சை, நீலம், ரோஸ் எல்லாம் கம்பனிக்குக் கம்பனி மாறுகிற சாயம். போத்தலில் எழுதியிருப்பதுதான் கணக்கு.

இனித் தேடுவதைப் பற்றி. ஒழுகுகிறது என்று ஒருவர் கொண்டுவந்தால், தயவுசெய்து முதலில் ஒன்றையும் விடாதீர்கள், ஒன்றையும் இறுக்காதீர்கள். ஆறவிட்டுக் கழுவித் துடைத்து, அடியில் ஒரு காட்போட் மட்டையை விரியுங்கள். அதற்கு முன், மேலதிகக் கூலன்ட் நிற்கிற சிறு தாங்கியைப் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே நிரப்பியிருந்தால், சூடேறியதும் கூலன்ட் விரிந்து வழிவு குழாயால் கொட்டும். அது ஒழுக்கே இல்லை. அதற்காகப் பம்ப்பைக் கழற்றிய கதைகளையும் கேட்டிருக்கிறேன்.

கழுவுமுன் இதையும் பாருங்கள்: காய்ந்த கூலன்ட் ஒரு தடம் விட்டுப் போகும். வெள்ளையாக அல்லது அதன் சாய நிறத்தில், உப்புப் பூத்ததுபோல. அந்தத் தடத்தைப் பிடித்து மேலே ஏறுங்கள். சொட்டு விழுகிற இடம் வேறு, புறப்படுகிற இடம் வேறு. ஹோஸின் நுனிகளை விரலால் நெரித்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் வாய் திறக்கும். காலையில் குளிரில் மட்டும் சொட்டி, ஓடியபின் நின்றுவிட்டால் பெரும்பாலும் ஹோஸ் கிளிப்தான். சூட்டில் மட்டும் சொட்டினால் அழுத்தம் ஏறும்போது திறக்கிற ஏதோ ஒன்று. ரேடியேற்றரின் கீழ்ப்பகுதியை டோர்ச் அடித்துப் பாருங்கள், முன்சில்லு எறிகிற கல் அங்கேதான் படும். சேர்விஸ் ஸ்டேசனில் தண்ணீர் அடித்ததில் அதன் தகடுகள் மடங்கிப் போயிருப்பதையும் அடிக்கடி காண்கிறேன். கழுவுகிற தம்பிமார் அந்தப் பகுதிக்கு மட்டும் அழுத்தத்தைக் குறைத்து அடிக்க வேண்டும்.

ரேடியேற்றர் மூடியை எல்லோரும் மறந்துவிடுகிறோம். அதில் 1.1 என்று எழுதியிருப்பது சும்மா இல்லை. 1.1 பார் அழுத்தத்தை அது அடைத்து வைத்திருக்கும்போது வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 120 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ முன்னரே கொதித்துச் சிறு தாங்கிக்குள் பாயும், ஆறியதும் திரும்ப இழுபடாது. ரேடியேற்றர் காலி, தாங்கி நிரம்பி வழியும். விசிறியின் பியூஸ் போயிருந்தாலும் ஏறக்குறைய இதே கோலம்தான். மூடியையும் பியூஸையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

வெளியே ஓரிடமும் ஈரமில்லை, ஆனால் கூலன்ட் குறைகிறது என்றால் பயப்பட வேண்டிய இடம் அது. ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி விடாமல் வந்துகொண்டிருந்தால், சைலன்சர் புகை சூடேறிய பிறகும் வெள்ளையாக, இனிப்பு வாடையோடு இருந்தால் சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ஹெட் கஸ்கற்றைச் சந்தேகியுங்கள். ஒழுக்கு அடைக்கும் பொடியை அப்போதும் போடாதீர்கள். ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அது அடைத்துவிடும்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக்கூடாது என்பதை வேலை பழகும் தம்பிமாருக்கு முதல் நாளே சொல்லுங்கள். என் வலது முன்கையில் உள்ள தழும்பு அப்படி வந்தது. கழற்றிய கூலன்டைச் சோடாப் போத்தலில் ஊற்றி மூலையில் வைக்காதீர்கள். அது இனிக்கும், அதுவே நஞ்சு. கராஜில் ஓடித் திரிகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், நாய்கள் இருக்கின்றன. கானில் ஊற்றினால் மழையோடு வாவிக்குப் போகும். மூடிய கேனில் வையுங்கள். பின்சில்லில் கூலன்ட் பட்டிருந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் பைக்கைக் கொடுத்து அனுப்பாதீர்கள். வளைவில் அது ஒருவரை விழுத்திவிடும்.

நம்மிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு மோட்டார் சைக்கிளை வைத்துத்தான் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்குகிறார்கள். ஒழுக்கைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் முடியவில்லை என்று அவர்களிடம் சொல்வோம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. "தண்ணீர் விட்டு விட்டு ஓடுங்கள்" என்று அனுப்புவதுதான் அவர்களுக்கு நாம் செய்கிற அநியாயம்.

என்னிடம் ரேடியேற்றரில் பூட்டிக் கையால் அழுத்தம் ஏற்றிப் பார்க்கிற பம்ப் ஒன்று இருக்கிறது. மூடியில் எழுதியுள்ள அளவுக்கு ஏற்றிவிட்டுச் சில நிமிடம் விட்டால், முள் இறங்குகிறதா என்று பார்த்துவிடலாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே ஒழுக்கு தானாக வெளியே வரும். கராஜுக்கு ஒன்று வாங்க நம்மில் எல்லோராலும் முடியாது. ஊருக்கு ஒன்றைச் சேர்ந்து வாங்கலாம். அதுவரை என்னுடையதைக் கேட்டு வருகிற எவருக்கும் இரவல் தருவேன்.

அடுத்த போயா நாளில் என் கராஜ் பூட்டித்தான் இருக்கும், ஆனால் நான் இருப்பேன். காலை ஒன்பது மணிக்கு வாருங்கள், வேலை பழகும் தம்பிமாரையும் கூட்டி வாருங்கள். உங்களிடம் கழற்றிப் போட்ட பழைய வாட்டர் பம்ப் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். பிரித்து, இரண்டு சீலையும் அந்தத் துளையையும் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக் காட்டுகிறேன்.

உங்களில் ஒருவன்,
களுவாஞ்சிக்குடியில் இருந்து