கணக்கைச் சேர்ப்பதற்கு முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறிவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். அதன் திரைச்சூழலான க்னோமின் அமைப்புகளில் உள்ள ‘இணையக் கணக்குகள்’ பகுதியில் கூகுள் கணக்கைச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் சேர். கடவுச்சொல்லை க்னோம் பிடித்து வைத்துக்கொள்ளுமோ என்ற பயம் வேண்டாம். கடவுச்சொல்லைக் கொடுக்காமலேயே அனுமதி தரும் ஓஆத் முறையில், அதன் கைக்கு ஒரு டோக்கன், அதாவது அனுமதிச் சீட்டு மாதிரி ஒன்றுதான் வரும். பிடிக்கவில்லை என்றால் கூகுள் கணக்குப் பக்கத்தில் போய் அந்த அனுமதியை மட்டும் ரத்து செய்துவிடலாம்.

2011இல் க்னோம் 3.2இல் இந்த வசதி வந்ததிலிருந்து பயன்படுத்துகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது நாட்காட்டிதான். வேலைக்கு நடுவே மேலே இருக்கும் கடிகாரத்தைச் சொடுக்குவேன். நேற்றிரவு கைப்பேசியில் குறித்து வைத்த சந்திப்பு அங்கே வந்து நிற்கும். பிரவுசரைத் திறக்கவே வேண்டாம். திறந்தால்தான் தெரியுமே, பத்து நிமிஷம் எங்கேயோ போய்விடும்.

கோப்புகள் விஷயத்தில் மட்டும் கவனம். கோப்புகளைச் சர்வரில் சேமித்து வைக்கும் நெக்ஸ்ட்கிளவுட்டை இப்படிச் சேர்த்தால் கோப்புகள் பக்கப்பட்டியில் தெரியும், ஆனால் உன் வட்டில் இருக்காது. நெட் போனால் அவையும் போச்சு. இரண்டு பக்கமும் கோப்புகளை ஒரே மாதிரி வைத்திருக்கும் அதன் சிங்க் செயலியைத் தனியாக நிறுவினால் பிரதி உன்னிடமே இருக்கும். அதிலும் ஒரு ஆபத்து உண்டு. போன மாதம் பழைய லேப்டாப்பில் இடம் போதாமல், ‘சர்வரில் ஒரு பிரதி இருக்கிறதே’ என்ற நம்பிக்கையில் அப்பாவின் கடிதங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்த கோப்புறையை அழித்தேன். சிங்க் அந்த அழிப்பையும் எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்விட்டது. சர்வரின் குப்பைத்தொட்டியில் கிடைத்ததும்தான் உயிர் வந்தது. இப்போது தனி வட்டில் பேக்கப் எடுக்கிறேன். நீயும் எடு.

முன்பு நாம் டெஸ்க்டாப்பிலிருந்தே அரட்டை அடிப்போமே, நினைவிருக்கிறதா? அந்த அரட்டைச் சேவையை நடத்திய நிறுவனம் வெளிச் செயலிகளுக்குக் கதவைச் சாத்தியதும் எல்லாம் ஒரே நாளில் நின்றது. அதனால்தான் நாட்காட்டிக்கான கால்டாவ், கோப்புகளுக்கான வெப்டாவ் மாதிரி, யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுத் தரங்களைப் பேசும் சேவைகளையே தேடிப் பிடிக்கிறேன். ஒருவர் கைவிட்டாலும் நாட்காட்டியை எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் போகலாம்.

அப்புறம், தேடல் அமைப்புகளையும் ஒருமுறை பார்த்துவிடு. 2012இல் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 12.10 பதிப்பு வந்தபோது, சொந்தக் கோப்பைத் தேட டாஷ் என்ற அதன் தேடல் திரையில் தட்டிய சொல்லும் இணையத்துக்குப் போய், அமேசான் பொருள்களைக் கொண்டுவந்து காட்டியது. கடும் எதிர்ப்பு கிளம்பியும், 2016இல் வந்த 16.04 பதிப்பில்தான் அது தானாக இயங்குவதை நிறுத்தினார்கள். என் கணினிக்குள் நான் தேடுவது எனக்கும் கணினிக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். வெளியே போவதென்றால் முதலில் என்னைக் கேட்கட்டும்.

சரி, கணக்கைச் சேர்த்ததும் எழுது. ஞாயிற்றுக்கிழமை பேசுவதற்கு ஓர் அழைப்பு அனுப்புகிறேன். கடிகாரத்தைச் சொடுக்கினால் வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்