மரத்தில் ஒரு போர் விமானம்

பஃபலோ,
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? இங்கே முழங்கால் வரை பனி. வேலைக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம் வாசலில் பனி தள்ள வேண்டும். பழகிவிட்டது.

வந்த புதிதில் இங்குள்ள வீடுகளைப் பற்றி எழுதியிருந்தேனே, சுவர், கூரை எல்லாமே மரச் சட்டம்தான் என்று. எங்கள் தெருவில் ஒரு வீடு எழும்புகிறது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிற வெளிறிய மரம். "இது தாங்குமா?" என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். இதற்கு உறவான மரத்தில் போர் விமானமே செய்த பகுதி இது என்று ஒரு பழைய படத்தைக் கொண்டுவந்து காட்டினார். உடனே உங்கள் ஞாபகம்தான் வந்தது.

எக்ஸ்பி-77 என்று பெயர். பக்கத்தில் நயாகரா அருவி ஊரில், விமான நிலையத்தை ஒட்டி ஆலை வைத்திருந்த பெல் என்கிற விமானக் கம்பெனி செய்தது. 1941-இல், இரண்டாம் உலகப் போருக்கு அலுமினியம் போதாமல் போகுமோ என்ற பயத்தில் தொடங்கிய வேலை. சிட்கா ஸ்ப்ரூஸ் என்கிற மரம். அலாஸ்கா கடலோரத்தில் வளர்வது. நேர் இழை, கனமே இல்லை, ஆனால் உறுதி. பியானோவுக்கும் கிடாருக்கும்கூடப் பலகை அதில் எடுக்கிறார்கள். இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இருபத்தேழரை அடிதான். எல்லாம் ஏற்றிய பிறகும் எடை 1,600 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். படத்தில் அதன் உடம்பில் ஒரு ஆணித்தலைகூடத் தெரியவில்லை. இழைத்து முடித்த பலகையைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிப் பார்ப்பீர்களே, அப்படித் தடவிப் பார்க்கத் தோன்றியது.

முதலில் 25 விமானம் கேட்ட அமெரிக்க ராணுவத்தார் ஆறாகக் குறைத்து, கடைசியில் இரண்டு போதும் என்றார்கள். அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு வரவே இல்லை. நினைத்திருந்த எஞ்சினும் வந்து சேரவில்லை. கிடைத்த 520 குதிரைசக்தி எஞ்சினை, அதிர்வைத் தாங்க நடுவே ஒன்றும் வைக்காமல் நேராக இறுக்கியிருக்கிறார்கள். 1944 ஏப்ரல் 1-இல் முதலில் பறந்தபோது ஒரே நடுக்கம், இரைச்சல். அக்டோபரில் இரண்டாவது விமானம் கரணம் அடிக்கும்போது சுழன்று விழுந்தது. ஓட்டியவர் குதித்துத் தப்பினார், அதுவரை நிம்மதி. டிசம்பரில் திட்டத்தையே மூடிவிட்டார்கள். இரண்டில் ஒன்றுகூட இன்று மிச்சமில்லை.

மரத்தின் மேல் பழி போட எனக்கு மனசு வரவில்லை அப்பா. அதே போரில் பறந்த, இங்கிலாந்துக்காரர்கள் வடிவமைத்த மாஸ்கிட்டோ என்கிற மர விமானத்தில் மொத்தம் ஏழாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். இந்த இரண்டையும் செதுக்கி ஒட்டியவர்களுக்கு மூடிய அன்று எப்படி இருந்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

படத்துக்குப் பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். இறக்கையின் முன்விளிம்பு வளைவைப் பாருங்கள். வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டிய காலத்தில், மழை நாளில் ஒட்டு பிடிக்காது என்பீர்களே. இந்த வளைவை ஒட்டி, எத்தனை நாள் இறுக்கிக் கட்டி வைக்க வேண்டியிருக்கும்? அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

அம்மாவிடம் ஊறுகாய் வந்து சேர்ந்தது என்று சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்