கொலாஜன் பேக்கேஜ் விற்கும் கிளினிக்குகளுக்கும் பார்லர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அழகு நிலையம், லேசர் கிளினிக் நடத்துவோருக்கு, தோல் மருத்துவர்கள் சிலரின் வணக்கம்.

முகூர்த்த மாதம் நெருங்கினால் கல்யாணப் பெண்ணுக்கு ஃபேஷியல், அவள் அம்மாவுக்குத் தோலை இறுக்கமாக வைக்கும் புரதத்தைக் கூட்டும் ‘கொலாஜன் பூஸ்ட்’ என்று பலகை வைக்கிறீர்கள். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஐம்பது வயது மாநிற முகத்தில் லேசரை ஓட்டினால், அந்த அம்மா மண்டபத்தில் கருத்த முகத்தோடு நிற்கவும் கூடும். சூடுபட்ட கருமை தலைகாட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். புதுக் கொலாஜன் உருவாகவோ மூன்று முதல் ஆறு மாதம். இந்தக் கணக்கை முன்பணம் வாங்கும் முன்பே சொல்லுங்கள்.

வெயிலில் தோல் எப்படிச் சிவக்கிறது, எப்படிக் கருக்கிறது என்பதை வைத்து 1975-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் ஒரு பட்டியல் போட்டார். இன்று அதில் ஆறு வகை. நம்மவரில் பெரும்பாலோர் 4, 5. நிறம் தரும் மெலனின் அதிகம் என்பதால் இந்தத் தோலில் நுண்சுருக்கம் தாமதமாகவே விழும். வயது முதலில் தெரிவது மங்கு எனும் கருந்திட்டிலும், நெற்றியோரக் கருமையிலும், மரு மாதிரியான சின்னக் கரும்புள்ளிகளிலும், கண்ணடிப் பள்ளத்திலும்தான். வருகிறவருக்கு வேண்டியது நிறத்துக்கான வைத்தியம். நீங்கள் கொடுப்பது சுருக்கத்துக்கான சூடு. அந்தச் சூடே நிறத்தைக் கூட்டிவிடுகிறது.

வெள்ளைத் தோலுக்கென்று மெஷினில் ஏற்றிவைத்த செட்டிங்கை அப்படியே அழுத்தாதீர்கள். 5-ஆம் வகை முகத்துக்கு ஐ.பி.எல். எனும் பல அலைநீள ஒளிவீச்சு வேண்டவே வேண்டாம். 1064 நானோமீட்டர் அலைநீள என்டியாக் லேசர் ஒளியை மெலனின் குறைவாகவே உறிஞ்சும். அதனால் ஆபத்து குறைவு, இல்லாமல் போவதில்லை. தோலில் புள்ளிபுள்ளியாகச் சுடும் ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர்தான் என்று முடிவாகிவிட்டால், முதலில் குறைக்கவேண்டியது புள்ளிகளின் அடர்த்தி. பலர் ஆற்றலைக் குறைத்துவிட்டு அடர்த்தியில் கைவைப்பதில்லை. புள்ளிகள் நெருங்கினால் நடுவில் சூடு தேங்கும். ஒரே இடத்தில் ஆறவிடாமல் இரண்டாவது முறை ஓட்டினாலும் அதே கதைதான். மேலே அடிக்கும் குளிர் ஸ்பிரே அளவு மீறினால் அதுவும் தன் பங்குக்குக் கருக்கவைக்கும். எதற்கும் முன்னால் காதுக்கு முன்புறமோ தாடை ஓரத்திலோ சிறிய இடத்தில் போட்டுப் பார்த்து, நான்கு வாரம் காத்திருங்கள்.

அமிலத்தால் மேல்தோலை உரிக்கும் பீலிங்கில் நடக்கும் தவறுகள் இன்னும் சாதாரணமானவை. கிளைகாலிக் அமிலம் என்றால் 20 முதல் 30 சதவீதத்தில் தொடங்கி, முதல் முறை ஒன்றிரண்டு நிமிடத்துக்குமேல் விடவேண்டாம். அமிலத்தை முறிக்கும் சோடியம் பைகார்பனேட் கரைசல் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்கட்டும். மூக்கோரம், வாயோரம், கண்ணோரம் மூன்றிலும் முன்பே வாசலின் தடவுங்கள். அமிலம் வழிந்து தேங்குவது அங்கேதான். ‘சிவந்ததும் நிறுத்து’ என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். கருத்த தோலில் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும். அதை நம்பிக் கடிகாரத்தை மறந்தால் போச்சு. சாம்பல் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தாலே ஆழம் மீறிவிட்டது, அந்த நொடியே கரைசலை ஊற்றுங்கள். சாலிசிலிக் அமிலம் படியவைக்கும் வெள்ளைப் பொடி வேறு. அது உப்பு மாதிரி உதிரும், அதற்குப் பயப்படவேண்டாம். டி.சி.ஏ. (டிரைகுளோரோ அசிடிக் அமிலம்) 35 சதவீதத்துக்குமேல் நம் நிறத்துக்கு ஆகாது. ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) கிரீம், வாக்ஸிங், த்ரெட்டிங் எல்லாம் ஒரு வாரம் முன்பே நிற்கவேண்டும்.

நுண்ணூசியால் தோலில் துளையிடும் மைக்ரோநீடிலிங் மெலனினைத் தேடிப்போய்ச் சுடுவதில்லை என்பதால் நமக்கு ஓரளவு ஏற்றது. கன்னத்தில் 1 முதல் 1.5 மில்லிமீட்டர், நெற்றியிலும் கண்ணோரத்திலும் 0.5 போதும், இடைவெளி நான்கு முதல் ஆறு வாரம். அழுத்தி இழுத்தால் தண்டவாளம் போல வரிசையாகத் தழும்பு விழும். சீழ்ப்பரு இருக்கும் முகத்தில் ஓட்டவே கூடாது. துளை திறந்திருக்கும்போது கடையில் வாங்கிய வைட்டமின் சி சீரத்தைத் தேய்க்காதீர்கள். மேலே பூசச் செய்த பொருள் உள்ளே போனால் ஒவ்வாமைக் கட்டிகள் எழும். ஊசித்தலை ஆளுக்கொன்று, ஒருமுறைக்கு மட்டும். ஒருவரின் ரத்தத்திலிருந்து பிரித்த தட்டணுக்களை ஊசியால் அவர் முகத்திலேயே செலுத்தும் ஃபேஷியல் செய்த, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ ஸ்பா ஒன்று 2018-இல் மூடப்பட்டது. அங்கே போனவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதைப் பின்னர் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் பதிவுசெய்தது.

கொலாஜன் கிரீம் பற்றிச் சுருக்கமாக: கொலாஜன் மூலக்கூறின் எடை ஏறக்குறைய 3 லட்சம் டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு), 500 டால்டனைத் தாண்டியது மேல்தோலுக்குள் நுழைவதே அரிது. ஈரம் காக்கும், அவ்வளவுதான். தினம் 2.5 முதல் 10 கிராம் வரை குடிக்கும் பொடியால் ஈரப்பதமும் நெகிழ்வும் கொஞ்சம் கூடியதாகச் சில ஆய்வுகள் உண்டு. பலவற்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் பொடி விற்பவர்களே. மருத்துவர் எழுதிக்கொடுக்கும் 0.025 சதவீத டிரெட்டினோயின் (ரெட்டினாய்டு கிரீம்), பட்டாணி அளவு, இரவில், கர்ப்பிணிகளுக்குக் கிடையாது: இதன் செலவு உங்கள் பேக்கேஜில் ஒரு துளி. பகலில் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளம். வெறும் வெள்ளைச் சன்ஸ்கிரீன் கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சரியாகத் தடுக்காது. மங்குத் திட்டைக் கருக்கவைப்பதில் அந்த ஒளிக்கும் பங்குண்டு.

ஒன்றை மட்டும் கோபமாகவே சொல்கிறோம். பெயர் ஒட்டாத டப்பாவில் ‘எங்க ஸ்பெஷல் நைட் கிரீம்’ என்று கொடுக்கிறீர்களே, அதில் பல தடவை இருப்பது ஸ்டீராய்டு. மூன்றே நாளில் முகம் பளிச்சென்று ஆகும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், ரத்தக்குழாய் தெரியும், மீசைமுடி முளைக்கும். கொலாஜனைக் கரைப்பதையும் வளர்ப்பதையும் ஒரே பில்லில் விற்கிறீர்கள். பூசும் ஸ்டீராய்டுகளில் 14-ஐ 2018-இல் மத்திய அரசு மருந்துச்சீட்டு கட்டாயமான ஹெச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது உங்களுக்கும் தெரியும். ஊசியும் அப்படியே: 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அழகுசாதனம் என்பது பூசுவது, தேய்ப்பது, தெளிப்பது. நிறம் வெளுக்கவென்று நரம்பில் ஏற்றும் குளுட்டாதயோன் அதில் வராது. பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசியைக் கரைக்கும் ஹயலூரானிடேஸ் மருந்து அறையில் இல்லாமல் அந்த ஊசியைப் போடுகிறவர், ரத்தக்குழாய் அடைத்துப் பார்வை போகும் அபாயத்தோடு விளையாடுகிறார்.

முகம் கருத்துவிட்டால் ‘இன்னொரு சிட்டிங்கில் சரியாகிவிடும்’ என்று அழைக்காதீர்கள். சூட்டின்மேல் சூடு கருமையை ஆழமாக்கும். முகத்தைப் படம் எடுத்து, தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். கூடவே ஒரு சீட்டு: என்ன மெஷின், அலைநீளம், ஆற்றல், அடர்த்தி, எத்தனை முறை ஓட்டினீர்கள், எந்தத் தேதி. அந்தச் சீட்டு கையில் இல்லாமல் வருகிறவர்களுக்கு எங்கே தொடங்குவது என்று நாங்கள் ஊகிக்கவேண்டியிருக்கிறது.