மீன் சட்டி வேறு, இறால் சட்டி வேறு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மண்ணடியே நெரியும் நேரம். திருவல்லிக்கேணியிலிருந்து வழக்கமாக வரும் பெரியம்மா ஒருவர் வஞ்சிரம் வறுவல் பார்சல் வாங்கிப் போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து பொட்டலத்தைக் கல்லாவில் வைத்துப் பிரித்தார். மீன் துண்டின் மசாலாவோடு ஒட்டிக்கொண்டு, கருகிச் சுருண்ட ஒரு இறால் வால். "எங்க வீட்ல எறா சேர்க்க மாட்டோம்னு உனக்குத் தெரியும்ல தம்பி?" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தவறு எங்களுடையது. இறால் பொரித்த எண்ணெயிலேயே மீனையும் போட்டிருக்கிறோம். அதைவிடப் பெரிய தவறு, வாசலில் ‘ஹலால்’ என்று எழுதி வைத்தால் எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னதாகிவிடும் என்று நான் நினைத்திருந்தது. கடல் உணவில் அப்படி ஆகாது.

நான் காயல்பட்டினத்துக்காரன், ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்டத்தில் ஒவ்வொரு இமாமின் வழியையும் மத்ஹப் என்போம்). இறால் எங்களுக்குச் சிறு வயதிலிருந்தே வீட்டுச் சாப்பாடு. கடலில் வேட்டையாடுவதும் அதன் உணவும் உங்களுக்கு ஆகுமானது என்கிறது குர்ஆன் (அல்மாயிதா அத்தியாயம், 96ஆம் வசனம்). கடல் பயணத்தில் குடிநீர் குறைவாக இருக்கிறது, கடல் நீரில் ஒளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்யலாமா என்று ஒருவர் கேட்டபோது நபிகள் நாயகம் (ஸல்), அதன் நீர் தூய்மையானது, அதில் இறந்ததும் ஹலால் என்று கேட்டதற்கு மேலேயே சொல்லிக்கொடுத்தார்கள். இதைப் பொதுவாக எடுத்துக்கொண்டு ஷாஃபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகள் கடல்வாழ் உயிர்களை விரிவாக அனுமதிக்கின்றன.

ஹனஃபி மத்ஹபில் நீர்வாழ் உயிர்களில் மீன் மட்டும்தான் ஆகும். மேலே சொன்ன வசனத்தையும் ஹதீஸையும் அவர்கள் மீனைக் குறிப்பதாகவே கொள்கிறார்கள். அந்த மீனிலும், தானாகச் செத்து மிதப்பதை ஒதுக்குவார்கள். ஆகவே நண்டு, கணவாய், மட்டி மூன்றும் அவர்களுக்கு இல்லை. சென்னையில் உருது பேசும் குடும்பங்களிலும் ராவுத்தர் குடும்பங்களிலும் பெரும்பாலோர் இந்த மத்ஹபைச் சேர்ந்தவர்கள்.

அப்படியானால் இறால்? இங்கேதான் ஹனஃபி ஆலிம்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. பழைய அரபு அகராதிகள் இறாலை மீனில் ஒரு வகை என்றே எழுதியிருக்கின்றன. மக்கள் மீன் என்று அழைப்பதால் அது மீன்தான் என்பவர்கள் சாப்பிட அனுமதிக்கிறார்கள். நம் பேச்சையே கவனியுங்கள்: ‘இறால் மீன்’ என்று சொல்கிறோம், ‘நண்டு மீன்’ என்று யாரும் சொல்வதில்லை. முதுகெலும்பு இல்லாதது எப்படி மீனாகும் என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. 2018 தொடக்கத்தில் ஹைதராபாத்தின் ஜாமியா நிஜாமியா மதரஸா இறால் கூடாது என்று ஃபத்வா கொடுத்தபோது சொன்ன காரணமும் இறால் மீன் இனமல்ல என்பதுதான். அந்தப் பெரியம்மா வீட்டில் இறால் சேர்க்காததற்குப் பின்னால் இவ்வளவு யோசனை இருக்கிறது. "கொஞ்சம்தானே பட்டது" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

நண்டு இன்னும் சிக்கல். ஷாஃபி வீடுகளிலேயே நண்டைத் தொடாதவர்கள் உண்டு. நீரிலும் நிலத்திலும் வாழ்பவை கூடாது என்று சொல்லும் இடத்தில் ஷாஃபி மத்ஹபின் பெரிய அறிஞரான இமாம் நவவி தம் ‘மின்ஹாஜ்’ நூலில் தவளையோடு நண்டையும் சேர்த்திருக்கிறார். நீரை விட்டால் பிழைக்காத கடல் நண்டு இதில் சேராது என்று விளக்குபவர்களும் இருக்கிறார்கள். பழவேற்காட்டிலிருந்து வரும் சேற்று நண்டைப் பார்த்தால் இந்தப் பேச்சின் நியாயம் புரியும். கால்களைக் கயிற்றால் கட்டிக் கூடையில் போட்டு ஈரச் சாக்கு மூடியிருப்பார்கள். மறுநாள் காலை சாக்கை விலக்கினால் வாயில் நுரை தள்ளிக்கொண்டு உயிரோடு இருக்கும். வலையில் வரும் கடல் நண்டு கரைக்கு வந்த கொஞ்ச நேரத்தில் துவண்டுவிடும். அதனால் எது எந்த நண்டு என்று இனி பலகையில் தனித்தனியாக எழுதுகிறோம்.

ஆயிரம் விளக்குப் பக்கத்திலிருந்து வரும் ஷியா வாடிக்கையாளர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு இறால் ஆகும். ஆனால் மீனென்றால் செதில் இருக்க வேண்டும். சுறாப் புட்டு அவர்களுக்கு ஆகாது, கொடுவா ஆகும்.

இனி எங்கள் அடுப்படியில் மீனுக்கு ஒரு சட்டி, இறாலுக்கு ஒரு சட்டி, நண்டு, கணவாய்க்கு ஒன்று. எண்ணெய், கரண்டி, வெட்டும் பலகை எல்லாம் தனித்தனி. மீன் கழுவும் தொட்டியில் வேறெதுவும் கழுவ மாட்டோம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: ருசிக்காக மீன் குழம்பில் இறால் தலை வேகவைத்த தண்ணீரைச் சில நாள் ஊற்றியிருக்கிறோம். அதை நிறுத்திவிட்டோம். தெரியாமல் சாப்பிட்ட எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். எண்ணெய்ச் செலவு கூடத்தான் செய்யும். அதற்காக விலையை ஏற்ற மாட்டோம்.

எது கூடும், எது கூடாது என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அதை உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேளுங்கள். தட்டில் என்ன இருக்கிறது, எதில் வெந்தது என்று உண்மையைச் சொல்வது என் பொறுப்பு. கேட்க நினைப்பவர்கள் அடுப்படிக்குள்ளேயே வந்து பார்க்கலாம்.

வலீமா (திருமண விருந்து) ஆர்டர் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெண் வீடு ஷாஃபி, மாப்பிள்ளை வீடு ஹனஃபி என்று இப்போது நிறையத் திருமணங்கள் நடக்கின்றன. முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். இறால் பிரியாணி தேக்சாவைத் தனிப் பந்தியில் இறக்கி, பரிமாற வேறு ஆள் வைக்கிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
மண்ணடி, சென்னை