பெரிய தாய்மீன்களைக் காக்கக் கோரி மனு

அனுப்புநர்: பாம்பன் மீனவர் குடும்பத்தைச் சேர்ந்த உயிரியல் ஆசிரியை

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், இராமநாதபுரம்

பொருள்: மீன்களின் உடல் அளவைப் பதிவு செய்தல், பெரிய மீன்கள் வளர இடம் ஒதுக்குதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

எங்கள் ஊரில் ஏலத்துக்கு வரும் விளமீனில் பல இப்போது கையளவுதான். அறுத்துப் பார்த்தால் அதற்குள்ளும் சினை இருக்கிறது. மீன் குறைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். மீனே மாறி வருகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஒரே இனத்தில் சில மீன்கள் சீக்கிரமே சினைபிடிக்கும், சில நன்றாக வளர்ந்த பிறகுதான். இது ஓரளவு பரம்பரைக் குணம். வலை பெரியதையே எடுத்துக்கொண்டிருந்தால், வளரக் காத்திருக்கும் மீன் முட்டையிடும் முன்பே மாட்டிக்கொள்ளும். சிறிதாகவே சினைபிடிக்கும் மீனின் வாரிசுதான் பெருகும். இயற்கைத் தேர்வு என்று வகுப்பில் நான் நடத்துவதும் இதே கணக்குதான். இங்கே தேர்வு செய்வது நம் வலை. 2002-இல் அமெரிக்காவில் வெளியான தொட்டிச் சோதனையில், ஒரு பக்கம் பெரிய மீன்களையும் இன்னொரு பக்கம் சிறிய மீன்களையும் 90 சதவீதம் எடுத்துக்கொண்டே வந்தார்கள். நான்கே தலைமுறையில், பெரியதை இழந்த கூட்டத்தின் எடை மற்றதில் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது.

அதனால் வலையின் கண்ணி அளவைக் கூட்டினால் மட்டும் போதாது. சிறியது தப்பும், பெரியது மாட்டும். அப்போதும் சிறிதாக இருக்கும் மீனுக்கே லாபம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் முட்டையிட உதவுகிறது, சரி. ஆனால் இரண்டு மாதத்தில் விளமீன் போன்றவை பெரிதாகிவிடாது. களவாய் மீனின் நிலை இன்னும் மோசம். அது முதலில் பெண்ணாக இருந்து, பெரிதான பிறகே ஆணாக மாறும். பெரியதையெல்லாம் பிடித்துவிட்டால் ஆண் மீனுக்கு எங்கே போவது?

மீன் எண்ணிக்கை மிகவும் குறைந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு: நல்ல மரபணுக்கள்கூடத் தற்செயலாகவே தொலைந்துபோகும். கடலில் விடும் இறால் குஞ்சுகளை ஒருசில தாய் இறாலிலிருந்தே எடுத்தாலும் இதேதான். பல இடத்துத் தாய்களைச் சேர்க்கச் சொல்ல வேண்டுகிறேன்.

மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி மையத்தின் துணையோடு, இறங்குதளங்களில் மீனின் நீளத்தையும் எந்த அளவில் சினைபிடிக்கிறது என்பதையும் ஆண்டுதோறும் பதிவு செய்ய உத்தரவிட வேண்டும். கையளவு மீனில் சினை வருவது பரம்பரை மாற்றமா, இரை, வெப்பம் போன்ற வேறு காரணமா என்று ஆராய இந்தப் பதிவு வேண்டும். அப்புறம், ஊர்க்கூட்டங்களைக் கேட்டு, சில பார்ப் பகுதிகளை (கடலடிப் பாறைத் திட்டுகளை) ஆண்டு முழுவதும் வலை போடாத இடமாக ஒதுக்க வேண்டும். அங்கே வளரும் பெரிய மீன்களின் குஞ்சுகள் வெளியே வந்து கலந்தால் மற்ற இடங்களுக்கும் பெரிதாக வளரும் குணம் போய்ச் சேரும். அதனால் வருமானம் இழக்கும் நாட்டுப்படகுக் குடும்பங்களுக்கு நிவாரணம் தந்த பிறகே இதைத் தொடங்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனுதாரர்